போதும் என்று ஒரு பெயர்

மகன் வேண்டி மகளுக்குச் சூட்டப்படும் பெயர்கள், மொழிக்கு மொழி ஒலி மாறினாலும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன.

2011 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் சதாரா நகரில் ஒரு விநோதமான அரசு விழா. இருப்பதில் நல்ல உடையாக உடுத்தி, தலையில் ரிப்பன் கட்டிய சிறுமிகள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பூங்கொத்தும் ஒரு சான்றிதழும் தரப்பட்டன. சான்றிதழில் இருந்தது அவர்களுடைய புதிய பெயர். மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்துக் கண்டுபிடித்த 285 பேருக்கும் அதுவரை இருந்த பெயர் நகுசா அல்லது நகுஷி. மராத்தியில் ‘வேண்டாதவள்’ என்று பொருள்.

‘நகோ’ என்ற மராத்திச் சொல்லுக்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம். அதிலிருந்து பிறந்ததுதான் நகுசா. வேலூர்ப் பக்கத்து உருதுவில் அடிக்கடி காதில் விழும் ‘நக்கோ’வும் தக்காணத்தில் மராத்தியிடம் கடன் வாங்கியதே. அன்றாடம் சோற்றையும் டீயையும் மறுக்கப் பயன்படும் சொல், ஒரு குழந்தைக்குப் பெயராகியிருக்கிறது.

பெயர்ச்சொல்லை மொழிபெயர்க்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் பால பாடம். பொற்கொடி எந்த மொழிக்குப் போனாலும் பொற்கொடிதான். ஆனால் சில பெயர்களை அப்படியே விட்டுவிட்டால் வாசகருக்கு விஷயமே தெரியாமல் போய்விடும். வங்காளத்தில் ‘ஆன்னாகாளி’ என்று ஒரு பெயர் உண்டு. தமிழில் எழுதினால் அன்னபூரணிக்கு உறவு போலத் தோன்றும். பிரித்தால், ‘ஆர் நா, காளி’. அதாவது, ‘போதும் காளி, இனி வேண்டாம்’. வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வைத்த பெயர். அதே வங்காளத்தில் ‘சாய்-நா’ என்றும் பெண்கள் உண்டு. அதற்கும் ‘வேண்டாம்’ என்றே பொருள்.

ராஜஸ்தானில் ‘தாப்பு’ என்ற பெயருக்குப் பொருள், வயிறு நிறைந்துவிட்டது. ஹரியானாவில் ‘பதேரி’ என்றால் வேண்டிய மட்டும் ஆயிற்று. ‘காஃபி’ என்றால் போதும். ‘அந்திம்’ என்றால் கடைசி. எல்லை தாண்டினாலும் கதை மாறுவதில்லை. சீனாவில் ‘சாவ்தி’ என்ற பெயர் ‘தம்பியை அழைத்து வா’ என்று அந்தப் பெண்ணுக்கே வேலை கொடுக்கிறது. தைவானின் பழைய தலைமுறைப் பாட்டிமாரிடையே ‘போனால் போகட்டும், வளர்ப்போம்’ என்று பொருள்படும் பெயர்கூட உண்டு.

நாம் மட்டும் சிரித்துவிட்டு நகர முடியாது. போதும்பொண்ணு நம் ஊர்க்காரிதான். திருத்தணிப் பக்கத்துக் கிராமங்களில் ‘வேண்டாம்’ என்ற பெயரோடு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போன பெண்கள் இருக்கிறார்கள். இன்னும் நாசூக்கான வீடுகளில் கடைசிப் பெண் ‘மங்களம்’ ஆனாள். கச்சேரியை முடிப்பதுபோலப் பிள்ளைப்பேற்றை முடித்துக்கொள்ளும் வழி அது.

இவற்றோடு குப்பம்மாளையும் பிச்சையம்மாளையும் சேர்த்துவிடக் கூடாது. தெலுங்கில் குப்பைமேட்டைக் குறிக்கும் ‘பெண்டம்மா’வும், மராத்தியில் கல்லைக் குறிக்கும் ‘தோண்டு’வும் அவர்களுடைய இனம். பிறந்த பிள்ளைகள் தவறிப்போன வீட்டில், அடுத்ததாவது எமன் கண்ணில் படாமல் தங்கட்டும் என்று வைத்த பெயர்கள் இவை. குப்புசாமியும் பிச்சையும் போல ஆண்பிள்ளைகளுக்கும் அந்தப் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்கப்பட்ட ஆண்பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. முதல் வகை, பிள்ளை கையை விட்டுப் போகக் கூடாது என்ற தவிப்பு. இரண்டாவது வகை, கையில் இருப்பவளின் தலைக்கு மேலே தெய்வத்துக்கு எழுதிய மனு. பெயர் என்பது கூப்பிட. இந்தப் பெயர்களோ அவளைக் கூப்பிடவே இல்லை.

இது ஏதோ சில கிராமங்களின் மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் முடியாது. 2018 ஜனவரியில் வெளியான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கை, மகன் பிறக்கும்வரை பெற்றுக்கொண்டே போகும் குடும்பங்களில் பிறந்த, 25 வயது வரையிலான ‘வேண்டாத’ பெண்களின் எண்ணிக்கையை சுமார் 2 கோடியே 10 லட்சம் என்று மதிப்பிட்டது. கருவில் பாலினம் அறிவதை 1994-ல் சட்டம் தடை செய்தது. இருந்தும் ஆறு வயதுக்கு உட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 2001-ல் 927 ஆக இருந்த பெண் குழந்தைகள், 2011-ல் 918 ஆகக் குறைந்தார்கள். ஸ்கேன் போகாத இடத்தில் பெயர்தான் ஆயுதம். ஒரு விதத்தில் நகுசாக்கள் தப்பித்தவர்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள், அவளைப் பெற்று வளர்க்கவாவது செய்தார்கள்.

பெயரை மாற்றாமலே வென்றவரும் உண்டு. ஹரியானாவின் ஹிசார் மாவட்டத்தில் நான்காவது மகளாகப் பிறந்து, அதனாலேயே ‘கடைசி’ என்று பெயர் பெற்றவர் மல்யுத்த வீராங்கனை அந்திம் பங்கால். 2022-ல் 20 வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். மறு ஆண்டும் அதே பட்டத்தை வென்றார்.

ஆனால் எல்லோருக்கும் பதக்கம் கிடைக்காது. சதாரா சிறுமிகள் கேட்டது சாதாரணமான ஒன்றைத்தான். சிலர் நடிகையின் நினைவாக ஐஸ்வர்யா ஆனார்கள். சிலர் வைஷாலி ஆனார்கள். பள்ளிப் பதிவேடு ஒரே நாளில் மாறிவிடும். பழகிப்போன வீட்டு நாக்கு மாற நாளாகும்.

2024 மே 1-க்குப் பிறகு மகாராஷ்டிரத்தில் பிறக்கும் குழந்தைகளுக்கு, அரசு ஆவணங்களில் தந்தையின் பெயருக்கு முன்னால் தாயின் பெயரையும் எழுதுவது கட்டாயம். அன்று சதாராவில் பூங்கொத்து வாங்கிய சிறுமிகளில் பலர் இன்று தாயாகும் வயதில் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரை அடுத்து, அவர்களே தேர்ந்தெடுத்த பெயர் எழுதப்படும்.