குருசடைத் தீவும் கள ஆய்வும்

உயிரினங்களைப் பற்றி நூலில் படித்தறிவது ஒருவகைக் கல்வி. அவை வாழும் இடத்திற்கே சென்று கண்டறிவது மற்றொரு வகைக் கல்வி. இரண்டாவது வகைக் கல்வியைத் தருவது கள ஆய்வு. அதற்கு ஏற்ற இடங்களுள் தீவும் ஒன்று. நாற்புறமும் நீர் சூழ்ந்து எல்லை தெளிவாக இருப்பதால், அங்கு நிகழும் மாற்றங்களை அளந்தறிவது எளிது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அவற்றுள் பாம்பனுக்கு அருகில் இருப்பது குருசடைத் தீவு. இத்தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றிச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1927ஆம் ஆண்டில் தனி ஆய்விதழ் வெளியிட்டது. அரைநாணி என விலங்கியல் பாடத்தில் படிக்கும் புழு போன்ற உயிரி இங்கு மணலுள் புதைந்து வாழ்கிறது. இதனைக் காணவே விலங்கியல் மாணவர் பலர் இத்தீவிற்குக் களப்பயணம் மேற்கொண்டனர்.

கள ஆய்வின் முறை எளியது. கடல்நீர் வடியும் வேளையில், கரையிலிருந்து கடலை நோக்கி அளவுநாடாவை விரிக்க வேண்டும். குறிப்பிட்ட இடைவெளிதோறும் ஒரு மீட்டர் அளவுள்ள சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் காணும் உயிரினங்களின் பெயர், எண்ணிக்கை, தரையின் தன்மை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அவ்வாறே செய்தால், மாற்றம் தானே புலப்படும்.

முன்பு களப்பயணம் சென்றோர் உயிரினங்களைச் சேகரித்துக் கண்ணாடிக் குடுவைகளில் இட்டு வந்தனர். இன்று அது கூடாது. இத்தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001இல் பவளங்கள் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. வனத்துறையின் இசைவு பெற்றே அங்குச் செல்ல இயலும்.

இக்கட்டுப்பாட்டிற்குக் காரணம் உண்டு. அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவுகளைக் காப்பவை பவளப்பாறைகள். சுண்ணாம்பிற்காகவும் கட்டுமானத்திற்காகவும் அவை நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டன. அரணை இழந்த பூவரசன்பட்டி, விலங்குச்சல்லி ஆகிய இரு தீவுகள் கடலுள் மூழ்கின. தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவும் அரிப்பினால் பெரிதும் சுருங்கியது. அதனைக் காக்கச் செயற்கைப் பாறைகள் கடலுள் இறக்கப்பட்டன. முந்தைய அளவீடுகள் இருந்தமையால்தான் இழப்பின் அளவை அறிய முடிந்தது.

கடலுக்கு நெடுந்தொலைவில் உள்ள அந்தியூர் மாணவர்க்கும் இம்முறை பயன்படும். நிலம் சூழ்ந்த ஏரியும், நீரில் வாழும் உயிர்களுக்கு ஒரு தீவு போன்றதே. அதன் கரையில் ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில் எழுதிவைக்கும் குறிப்பு, எதிர்காலத்தில் அவ்வேரியைக் காப்பதற்குச் சான்றாகும். எதையும் எடுத்து வராமல் குறிப்புகளை மட்டும் கொண்டு வருவதே நல்ல கள ஆய்வாகும்.