நகரும் வீடும் நகராத பூனையும்

2012 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், டேடோனா கடற்கரை ஊரில் ஆர்.வி. எனப்படும் நகரும் வீடுகளை வைத்திருப்பவர்கள் கூடினார்கள். அங்கே ஒரு தம்பதி அழைத்துப் போயிருந்த ஹோலி என்ற பூனை மிரண்டு ஓடிவிட்டது. தேடிப் பார்த்துவிட்டு அவர்கள் ஊர் திரும்பினார்கள். இரண்டு மாதம் கழித்து, புத்தாண்டுக்கு முந்தின நாள், சுமார் 320 கிலோமீட்டர் தெற்கே அவர்களுடைய ஊரான வெஸ்ட் பாம் பீச்சில் யாரோ ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஹோலி தள்ளாடியபடி வந்து நின்றது. நகங்கள் தேய்ந்திருந்தன, எடை பாதியாகியிருந்தது. தோலுக்கடியில் வைத்திருந்த மைக்ரோசிப்தான் அது யார் வீட்டுப் பூனை என்று காட்டிக்கொடுத்தது.

கோணிப்பையில் கட்டி ஆற்றுக்கு அக்கரையில் விட்ட பூனை மறுவாரம் அடுப்படியில் வந்து உட்கார்ந்த கதை நம் ஊர்களிலும் உண்டு. இப்படி இடத்தை விடாத பிராணியை ஊர் ஊராகக் கூட்டிப்போவது எப்படி?

ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வண்டி. நம் சினிமா கேரவனுக்கு நெருங்கிய உறவு. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாரக்கணக்கில் அதிலேயே குடும்பம் நடத்துகிறார்கள்.

பூனை இடத்தை விடாததற்குக் காரணம் உண்டு. வீட்டுப் பூனையின் மூதாதை, தனியாக வேட்டையாடும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. எலி எங்கே வரும், ஆபத்து வந்தால் எந்தப் பொந்தில் நுழையலாம் என்று தெரிந்த இடம்தான் அதற்குப் பாதுகாப்பு. நம் பூனை நாற்காலிக் காலில் கன்னத்தைத் தேய்ப்பதும் இதனால்தான். கன்னத்துச் சுரப்பிகளின் வாசனையைப் பூசி, ‘இது பழகிய இடம்’ என்று தனக்குத்தானே குறித்துக்கொள்கிறது.

அப்படியானால் வண்டியையே அந்த இடமாக்கிவிட்டால்? கப்பல் பூனைகள் வாழ்ந்தது அப்படித்தான். ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து வரைபடம் தயாரித்த மேத்யூ ஃப்ளிண்டர்ஸுடன் டிரிம் என்ற பூனை பயணம் செய்தது. 1799இல் கப்பலிலேயே பிறந்த அதற்குக் கப்பல்தான் வீடு.

வீட்டில் பிறந்த பூனையைப் படிப்படியாகத்தான் பழக்க வேண்டும். வண்டி வாசலில் நிற்கும்போதே சில நாள் உள்ளே சாப்பாடு வையுங்கள். அது படுத்த பழைய துணியைத் துவைக்காமல் கொண்டுபோங்கள்; அதில்தான் வீட்டின் வாசனை இருக்கிறது. மணல் தட்டைக் குளியலறைத் தரையில் ஒரே இடத்தில் வையுங்கள். பிறகு எஞ்சினை மட்டும் ஓடவிடுங்கள். அடுத்து தெருமுனை வரை ஒரு சுற்று. எச்சில் ஒழுகினாலோ விடாமல் கத்தினாலோ, வண்டி ஆட்டம் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். கால்நடை மருத்துவரிடம் அதற்கு மருந்து உண்டு.

ஓடும் வண்டியில் பூனை கூண்டுக்குள்தான் இருக்க வேண்டும். அவிழ்த்துவிட்டால் பிரேக் மிதிக்கு அடியில் போய்ப் பதுங்கும். ஆர்.வி.க்கே உரிய இன்னோர் ஆபத்து ஸ்லைடு-அவுட். வண்டியை நிறுத்தியதும் பக்கச் சுவரின் ஒரு பகுதி மேசை இழுப்பறைபோல வெளியே நீண்டு அறையைப் பெரிதாக்கும். அதன் இடுக்கும் இயந்திரப் பொந்தும் பூனைக்குப் பிடித்த மறைவிடங்கள். பூனை எங்கே என்று கண்ணால் பார்க்காமல் அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி வெயில். நிறுத்திய காருக்குள் வெப்பம் எப்படி ஏறுகிறது என்று அமெரிக்காவில் அளந்து 2005இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தும் பெரிய பயனில்லை. ஆர்.வி. காரைவிடப் பெரியது என்றாலும், வண்டி நிற்கும் முகாமில் மின்சாரம் போய் ஏ.சி. நின்றால் அதுவும் கொதிக்கத்தான் செய்யும். பூனைக்கோ பாதத்தில் மட்டுமே வியர்க்கும். அது வாயைத் திறந்து இரைத்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அதனால் அனுபவசாலிகள், உள்ளே சூடு ஏறினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானியைப் பொருத்திவிட்டுத்தான் வெளியே போவார்கள்.

வெளியே இறக்கினால் நெஞ்சைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸும் கயிறும் வேண்டும். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் அந்தக் கயிறு ஆறு அடிக்கு மேல் இருக்கக் கூடாது. ஓநாய்க்கு உறவான காயோட்டிகளும் பெரிய ஆந்தைகளும் உலவும் இடங்களில் இருட்டியபின் பூனை வண்டிக்குள் இருப்பதே நல்லது. அமெரிக்காவிலிருந்து கனடாவுக்குள் போவதானால், மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை.

ஹோலியைக் காட்டிக்கொடுத்தது போன்ற, அரிசி அளவே உள்ள மைக்ரோசிப்பில் பேட்டரி இல்லை; தொலைந்த பூனை எங்கே இருக்கிறது என்று அது சொல்லாது. யாராவது பூனையைக் கண்டெடுத்து, சிப்பைப் படிக்கும் கருவியை அருகில் பிடித்தால் எண்ணைக் காட்டும், அவ்வளவே. அந்த எண்ணோடு உங்கள் இன்றைய தொலைபேசி எண் பதிவாகியிருக்கிறதா என்று புறப்படுமுன் பார்த்துவிடுங்கள்.

இத்தனையும் செய்து, வாரங்கள் கடந்தும் உங்கள் பூனை வண்டிக்குள் சாப்பிடாமல் மூலையிலேயே ஒண்டிக் கிடந்தால், அதன் பதிலை அது சொல்லிவிட்டது. பக்கத்து வீட்டாரிடம் சாவியைக் கொடுத்து, வேளைக்குச் சோறு வைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டும் போய்வாருங்கள்.