நிறம் வெளுத்தால் அமிலம் அதிகம்

முளைவிடும் விதைக்கு உடனே பாஸ்பரஸ் வேண்டும். வேர் மண்ணுக்குள் இறங்கி அதைத் தேடிக்கொள்ளும்வரை தாங்க வேண்டுமே! அதற்காகத் தாய்ச்செடி முன்கூட்டியே கட்டிக்கொடுக்கும் சோறுதான் பைட்டிக் அமிலம். இனோசிட்டால் என்ற ஆறு கார்பன் வளையத்தில், கார்பனுக்கு ஒன்றாக ஆறு பாஸ்பேட். கடலையோ உளுந்தோ சோயாவோ, விதையிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி, ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம், இந்த வடிவில்தான் இருக்கிறது.

செடிக்குச் சேமிப்பாக இருப்பது நமக்கு இடைஞ்சல். அந்தப் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் கொண்டவை. இரும்பு, துத்தநாகம், கால்சியம் என எது அருகே வந்தாலும் இறுகப் பற்றிக்கொள்ளும். அந்தப் பிடியை அறுக்கும் ஃபைட்டேஸ் நொதி மனிதக் குடலில் போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் பருப்பில் இரும்பு எவ்வளவு இருக்கிறது என்று அட்டவணையைப் பார்த்துச் சொல்வது பாதிக் கணக்குதான். பைட்டிக் அமிலம் எவ்வளவு என்பது மீதிப் பாதி.

அளப்பதில் ஒரு சிக்கல். இந்த அமிலத்துக்கு நிறம் கிடையாது. புற ஊதாக் கதிரைக்கூட உருப்படியாக உறிஞ்சாது. கருவிக்கு முன்னால் வைத்தால் தண்ணீர்போல நிற்கும். வேதியியலாளர்கள் கண்ட வழி வேடிக்கையானது: நமக்குத் தொல்லை தரும் அதே குணத்தை, இரும்பைப் பறிக்கும் குணத்தை, அளவுகோலாக்கிவிட்டார்கள். 1914இல் ஹோய்ப்னர், ஸ்டாட்லர் என்ற இருவர் விதைச் சாற்றில் ஃபெரிக் குளோரைடைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். பறிக்க அமிலம் இருக்கும்வரை இரும்பு வீழ்படிவாக இறங்கும். அமிலம் தீர்ந்ததும் மிஞ்சும் இரும்பு, கூடவே போட்ட தயோசயனேட்டுடன் சேர்ந்து சிவக்கும். சிவப்பு தலைகாட்டும் நேரத்தைக் கண்ணால் தீர்மானிக்க வேண்டும். அங்கேதான் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும்.

இன்று கல்லூரி ஆய்வகங்களில் பரவலாகச் செய்யப்படுவது, 1980இல் லாட்டா, எஸ்கின் இருவரும் வெளியிட்ட முறை அல்லது அதன் ஏதாவதொரு திருத்தம். விதையை மாவாக்கிச் சலித்து, 2.4 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் குலுக்குகிறார்கள். சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றினால் சக்கை அடியில் படிய, தெளிந்த சாறு மேலே நிற்கும். அந்தச் சாற்றில் தனிப் பாஸ்பேட்டும் கலந்திருக்கும். அதை விலக்க, சாற்றை நீர்த்து, அயனிப் பரிமாற்றப் பிசின் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் ஊற்றுகிறார்கள். முதலில் 0.1 மோலார் உப்புக் கரைசல். சில்லறைப் பாஸ்பேட்டுகள் கழுவிப் போய்விடும். பிறகு 0.7 மோலார், பிசினை விடாமல் ஒட்டியிருந்த பைட்டிக் அமிலம் அப்போதுதான் கீழே இறங்கும்.

இப்போது வேட் கரைசல் வருகிறது. ஃபெரிக் குளோரைடும் சல்ஃபோசாலிசிலிக் அமிலமும் கலந்தது, பார்க்க இளஞ்சிவப்பு. மூன்று பங்கு சாற்றுக்கு ஒரு பங்கு சேர்த்துக் கலக்கியதும், பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடுங்கிக்கொள்ள நிறம் வெளுக்கிறது. 500 நானோமீட்டரில் நிறமானியை வைத்து எவ்வளவு வெளுத்தது என்று படிக்கிறார்கள். மற்ற சோதனைகளில் நிறம் ஏறினால் அளவு கூடும், இங்கே தலைகீழ். ஒப்பீட்டுக்கு வைக்கும் சோடியம் ஃபைட்டேட் காற்றின் ஈரத்தை இழுக்கும் உப்பு. அதிலுள்ள நீரைக் கழிக்காமல் எடை போட்டால் முழுக் கணக்கும் சாய்ந்துவிடும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண்கள் முரண்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் என் பார்வையில் பெரிய குறை வேறு. ஊறவைத்தாலோ முளைகட்டினாலோ விதைக்குள்ளேயே இருக்கும் ஃபைட்டேஸ் விழித்து, பாஸ்பேட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்குகிறது. ஐந்து, நான்கு என்று பாஸ்பேட் குறைந்த துண்டுகளும் ஓரளவு இரும்பைப் பிடிக்கும். நிறச் சோதனைக்கு ஆறுக்கும் ஐந்துக்கும் வேறுபாடு தெரியாது. காய்ந்த பருப்பில் துண்டுகள் சொற்பம், பாதகமில்லை. முளைகட்டிய பயறிலோ புளித்த மாவிலோ அமிலம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். துண்டுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க எச்.பி.எல்.சி. கருவிதான் வேண்டும். செலவு அதிகம், ஆனால் முளைப்பயறைப் பற்றிப் பேசுபவர் அதைத் தவிர்ப்பது சரியல்ல.

எண் கிடைத்தபின் என்ன? 100 கிராம் பருப்பில் 800 மில்லிகிராம் பைட்டிக் அமிலமும் 3.3 மில்லிகிராம் துத்தநாகமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அமிலத்தின் மூலக்கூறு எடை 660, துத்தநாகத்தின் அணு எடை 65.4. வகுத்துப் பார்த்தால் ஒரு துத்தநாக அணுவுக்கு 24 அமில மூலக்கூறுகள். உணவில் இந்த விகிதம் 15ஐத் தாண்டினால் துத்தநாகம் உடலில் சேர்வது குறைவு என்பது ஊட்டச்சத்து நிபுணர்கள் கொள்ளும் கணக்கு. தோலை நீக்கினால் தப்பலாமா? அரிசியில் தவிட்டோடு அமிலமும் போகும். பருப்பில் அது வித்திலைக்குள் இருப்பதால், தோல் போனபின் சதவீதம் ஏறவே செய்யும்.

அமிலம் குறைந்த ரகங்களைத் தேடுபவர்களுக்கு இத்தனை குழாய்களும் கழுவல்களும் கட்டுப்படியாகாது. அவர்கள் ஒவ்வொரு விதையிலும் சிறு சீவலை மட்டும் வெட்டி, அமிலத்தில் ஊறவைத்து, மாலிப்டேட் கரைசல் சேர்க்கிறார்கள். பைட்டிக் அமிலமாகக் கட்டப்படாமல் தனிப் பாஸ்பேட்டாகவே தேங்கிய விதை அடர் நீலம் காட்டும். சீவிய மிச்ச விதை உயிரோடுதான் இருக்கும். நீலம் காட்டியதைத் தனியே பொறுக்கி, தொட்டியில் ஊன்றி, அடுத்த தலைமுறைக்கு வளர்க்கிறார்கள்.