குழந்தை ஞானஸ்நானம்

“அறியாப் பருவத்துக் குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு? வயது வந்தபின் தானே கேட்டுப் பெறட்டுமே” என்று மாணவரிற் சிலர் வினவுவதுண்டு. தாமதிக்கலாமோ என்னும் ஐயம் புதியதன்று. மூன்றாம் நூற்றாண்டில் பீதுஸ் என்னும் மேற்றிராணியார், விருத்தசேதனத்தைப்போல இதனையும் எட்டாம் நாள்வரை நிறுத்திவைக்கலாமோ எனக் கேட்டார். கார்த்தேஜ் நகரில் அர்ச். சிப்பிரியானோடு கூடிய 66 மேற்றிராணிமார், பிறந்த எவர்க்கும் தேவ இரக்கத்தைத் தடுத்தலாகாது என்று மறுமொழி விடுத்தனர்.

ஜென்மபாவம் என்பது குழந்தை தானே செய்த குற்றமன்று; ஆதிப்பெற்றோரின் வீழ்ச்சியால் தேவ இஷ்டப்பிரசாதமின்றிப் பிறக்கும் நிலையேயாம். ஜலத்தினாலும் பரிசுத்த ஆவியினாலும் மறுபடி பிறத்தல் வேண்டும் என்று நம் ஆண்டவர் நிக்கொதேமுக்கு அருளிச்செய்தார். சிரசில் நீர் வார்த்துத் திரித்துவ நாமம் சொல்லப்படும்போது அப்பாவம் நீங்குகின்றது. குழந்தை சர்வேசுரனுடைய சுவீகாரப் பிள்ளையும் திருச்சபையின் அங்கமும் ஆகின்றது. அழியாத ஞான முத்திரையும் ஆத்துமத்திற் பதிகின்றது.

தாமதத்தால் வரும் நட்டத்தை அர்ச். அகுஸ்தீன் தம் வாழ்விலேயே கண்டார். 354-ஆம் ஆண்டில் பிறந்த அவர், சிறுவராயிருக்கையில் கடும் வயிற்றுநோயுற்று ஞானஸ்நானம் வேண்டினார். தாயார் மோனிக்கம்மாள் ஆயத்தஞ் செய்கையில் நோய் நீங்கிற்று. பிற்காலத்துப் பாவங்களின் பொறுப்பு மிகுமென்றஞ்சி ஞானஸ்நானம் ஒத்திவைக்கப்பட்டது. வாலிபம் வழிதவறிக் கழிந்தபின், 387-ஆம் ஆண்டுப் பாஸ்குத் திருநாளில், தம் 32-ஆம் வயதில், மிலான் நகரிலே அர்ச். அம்புரோசியார் கையால் அதனைப் பெற்றார். பின்னர் தம் வரலாற்றை இறைவனிடம் அறிக்கையிட்டு எழுதிய நூலில் அத்தாமதத்தைக் குறித்து வருந்தினார்.

குழந்தையின் சம்மதமோவெனின், எந்தத் தாயும் கேட்டுப் பாலூட்டுவதில்லை. தாய்மொழியும் நாம் தெரிந்துகொண்டதன்று. தேவ வரப்பிரசாதமும் நம் தகுதிக்கு முந்தி வரும் கொடையே. ஆயினும் கொடையோடு கடமையும் உண்டு. கத்தோலிக்க விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்னும் நம்பிக்கைக்குச் சிறிதும் இடமில்லையேல், ஞானஸ்நானத்தை ஒத்திவைக்குமாறு 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் விதிக்கின்றது. ஞானஸ்நானமின்றி இறந்த குழந்தைகளையோ, திருச்சபை இறைவனுடைய இரக்கத்தில் ஒப்புவிக்கின்றது. அழும் பெற்றோர் நம்பிக்கை இழத்தல் வேண்டா.

அன்பர்காள்! பிறந்த நாளை யாவரும் அறிவோம். ஞானஸ்நானம் பெற்ற நாளை அறிவோமா? அன்று பெற்றோரும் ஞானப்பெற்றோரும் நம்மைக் கையிலேந்திப் பசாசை வெறுத்து விசுவாசத்தை அறிக்கையிட்டனர். அன்று அவர் வாயாற் சொன்னதை இன்று நாம் நம் நடக்கையாற் சொல்லுதல் வேண்டும். கேளாமற் பெற்ற வரத்திற்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.