எம்.எல்.ஏ.வுக்கு இன்னொரு தொழில் இருக்கலாம், தெரியுமா?

தமிழக எம்.எல்.ஏ.க்களின் மாத ஊதியத்தை ஒரே அறிவிப்பில் 55,000 ரூபாயிலிருந்து 1,05,000 ஆக்கியவர் நம்ம சேலம் மாவட்டத்துக்காரர், தெரியுமா? 2017 ஜூலையில் சட்டமன்றத்தில் அறிவித்தார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. அதே நாட்களில் டெல்லி ஜந்தர் மந்தரில் தமிழக விவசாயிகள் போராடிக்கொண்டிருந்தார்கள்!

பிரித்துப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. அதில் சம்பளம் 30,000 மட்டுமே, மற்றதெல்லாம் படிகள். தொகுதிக்கு 25,000, வண்டிக்கு 25,000, போனுக்கு 7,500, தபாலுக்கு 2,500! வாட்ஸ்அப் காலத்தில் யாருக்கு இத்தனை கடிதமோ! தங்கள் ஊதியத்துக்கான சட்டத்தைத் தாங்களே நிறைவேற்றிக்கொள்ளும் வேறு வேலை நாட்டில் ஏது?

ஒரு காலத்தில் கதையே வேறு. சேலத்தில் பேர்பெற்ற வக்கீலாக இருந்த ராஜாஜி, ஒத்துழையாமை இயக்கத்துக்காக அந்தத் தொழிலுக்கே முழுக்குப் போட்டார், தெரியுமா? 1937இல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானபோது காங்கிரஸ் மந்திரிகளுக்கு மாதம் 500 ரூபாய்தான். 1931 கராச்சி காங்கிரஸ் மாநாடு போட்ட உச்சவரம்பு அது!

சம்பளமும் படியும் கண்ணுக்குத் தெரிகிற காசு. தெரியாததுதான் விஷயமே! அரசுப் பள்ளி வாத்தியார் டியூஷன் எடுத்தால் நடவடிக்கை பாயும். எம்.எல்.ஏ.வோ லாரி விடலாம், கோழிப்பண்ணை வைக்கலாம், திருச்செங்கோட்டு ரிக் வண்டி வாங்கி ஆந்திரா வரை போர் போடலாம், சேகோ ஆலை நடத்தலாம். கறுப்புக் கோட்டு மாட்டி வாதாடவும் செய்யலாம்: மக்கள் பிரதிநிதி முழுநேரச் சம்பள ஊழியர் அல்ல என்று 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. சரி, சேகோ ஆலை முதலாளியே எம்.எல்.ஏ. ஆனால், திருமணிமுத்தாற்றில் கலக்கும் ஆலைக் கழிவைப் பற்றிச் சபையில் யார் கேட்பது?

அரசு காண்ட்ராக்ட் எடுக்கலாமா? தன் பெயரில் எடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு பதவியைப் பறித்துவிடும். மச்சான், மருமகன் பெயரில் எடுத்தால்? அந்தப் பிரிவு வாயே திறக்காது!

அரசு தரும் ஆதாயப் பதவிக்கும் தடை உண்டு. அந்தக் கூத்தைக் கேளுங்கள்: உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் கவுன்சில் தலைவராக இருந்து ஒரு பைசாகூட வாங்கவில்லை என்று வாதாடிய ஜெயா பச்சனின் எம்.பி. பதவி 2006இல் பறிபோனது! ஆதாயம் பெற முடிகிற பதவி என்பதே போதுமாம்.

எம்.எல்.ஏ.வின் இன்னொரு தொழிலை எப்படி அறிவது? தேர்தலில் நிற்பவர் தாக்கல் செய்யும் படிவம் 26இல் அவருடைய தொழிலும் வருமான ஆதாரமும் இருக்கும், கணவன் அல்லது மனைவியுடையதும் சேர்த்து! தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. உங்கள் எம்.எல்.ஏ.வுடையதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்!