‘டைனமோ போச்சு’ன்னா எவ்வளவு ஆகும்?

போன கார்த்திகையில் நடந்தது. அப்பா ஓட்டுறது பழைய டீசல் டாக்ஸி. ஐயப்ப சீசன்தான் எங்க வீட்டுக்கு அறுவடை. தேனி, கம்பம், குமுளின்னு மாலை போட்ட சாமிகளை ஏத்திக்கிட்டு வண்டி ஓயாம ஓடும். மதுரையில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டு ராத்திரி திரும்பும்போது, உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் ஹெட்லைட் மஞ்சளாக மங்கிருச்சு. மீட்டரில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு. அப்பா ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, வண்டியை எங்கேயும் ஆஃப் பண்ணாமல் வீடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பார்த்த உடனே சொல்லிட்டாங்க: “டைனமோ போச்சு. அசெம்பிளியா மாத்தணும், 13,500 ஆகும்.” அடுத்த சபரிமலை ட்ரிப்புக்கு மூணு நாள்தான் இருந்தது.

முதலில் பேரைச் சரிபண்ணிக்குவோம். பழைய அம்பாசடரில் இருந்தது நிஜமான டைனமோ. இப்போ பெரும்பாலான கார்களில் இருக்கிறது ஆல்டர்னேட்டர். பழைய பேர் மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. மெஷின்ஸ் பேப்பரில் படிச்ச அதே மூணு ஃபேஸ் ஜெனரேட்டர்தான். பெல்ட் ரோட்டரைச் சுத்தும். ரெண்டு கார்பன் பிரஷ் வழியாக, ஸ்லிப் ரிங் மூலம் ரோட்டர் காயிலுக்குக் கொஞ்சம் கரண்ட் போகும். ஸ்டேட்டரில் ஏசி உற்பத்தியாகும். டயோடுகள் அதை டிசியாக மாத்தும். ரோட்டருக்குப் போற கரண்ட்டைக் கூட்டிக் குறைச்சு, வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிறது ரெகுலேட்டர்.

இதில் தேயுறது எது? பிரஷ்ஷும் பேரிங்கும். சூட்டில் போறது ரெகுலேட்டரும் டயோடும். ஸ்டேட்டர் காயில் கருகுறது இதையெல்லாம்விட அபூர்வம். 13,500 ரூபாயில் பெரும்பங்கு அந்தச் செம்புக்கும் இரும்புக்கும்தான். பெரும்பாலும் அதுங்க ரெண்டும் நல்லாத்தான் இருக்கும்.

அதனால் விலை கேட்கிறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை எடுங்க. லேபில் இருக்கிற சாதாரண மீட்டரே போதும். எஞ்சின் ஆஃபில் பேட்டரி முனைகளில் 12.4-லிருந்து 12.7 வோல்ட் வரை இருக்கணும். ஸ்டார்ட் பண்ணினால் 13.8-லிருந்து 14.5. ஹெட்லைட், புளோயர் எல்லாம் போட்டாலும் 13-க்குக் கீழே இறங்கக் கூடாது. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கைவிட்டது. விட்டால் பேட்டரி கொதிச்சே சாகும். மீட்டரை ஏசிக்கு மாத்தி அதே இடத்தில் வையுங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு மேல் சந்தேகம். டயோடு ஷார்ட் ஆனால் ராத்திரி நிறுத்தின வண்டியின் பேட்டரி அது வழியாக வடிஞ்சு, காலையில் ஸ்டார்ட் ஆகாது. நிறைய பேர் புது பேட்டரி வாங்கிப் போட்டு ஏமாறுறது இங்கேதான்.

சில புது மாடல்களில் எஞ்சின் கம்ப்யூட்டரே சார்ஜிங்கைக் கட்டுப்படுத்தும். அதில் ஓடும்போதே 12.8 காட்டினாலும் கோளாறுன்னு உடனே முடிவு கட்டிடாதீங்க.

ஒரு எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி வயரைக் கழட்டி, “வண்டி நின்னா டைனமோ அவுட்”னு சோதிக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. டைனமோ காலத்து வித்தை அது. இப்போ அப்படிக் கழட்டினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு வோல்டேஜ் பல மடங்கு எகிறும். ஆல்டர்னேட்டரைச் சோதிக்கப் போய் கம்ப்யூட்டரைப் பலி கொடுக்கணுமா?

எங்க வண்டியில் ஓடும்போதே 12.1 தான் காட்டுச்சு. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எலக்ட்ரீசியன் கடைக்குக் கொண்டுபோனோம். அண்ணன் ஸ்பேனர் கட்டையால் ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் லேசாகத் தட்டினார். மீட்டர் 13.9-க்குத் தாவி, திரும்பவும் விழுந்தது. “பிரஷ் தேஞ்சிருக்கு தம்பி, ரிங்கைத் தொடமாட்டேங்குது”ன்னார். கழட்டிப் பார்த்தால் பிரஷ் சுண்டுவிரல் நகம் அளவுக்குத்தான் மிச்சம். பேரிங்கும் கரகரன்னு இருந்தது. பில் இதுதான்: பிரஷ்ஷோடு சேர்ந்த ரெகுலேட்டர் 1,350, பேரிங் ரெண்டு 600, கழட்டி மாட்டக் கூலி 700. மொத்தம் 2,650.

ஒர்க்‌ஷாப்காரர் ஏமாத்தினார்னு நான் சொல்லமாட்டேன். அசெம்பிளி மாத்தினால் அவருக்கு ஒரு மணி நேர வேலை. ரிப்பேர் பண்ணி நாலு நாளில் திரும்பி வந்தால் கெட்ட பேர் அவருக்குத்தான். முழுசா மாத்தியே ஆகணும்கிற நேரமும் உண்டு. ஸ்டேட்டர் கருகி நாத்தம் அடிச்சாலோ, ஸ்லிப் ரிங் குழிவிழுந்து தேஞ்சிருந்தாலோ, பாடி உடைஞ்சிருந்தாலோ பிரஷ் மாத்திப் பிரயோஜனமில்லை. அப்போ புதுசா, ரீகண்டிஷன் பண்ணினதா, பழசைக் கொடுத்தால் எவ்வளவு கழிவு, வாரண்டி எத்தனை மாசம்னு நாலும் கேட்டு வாங்கணும். ஜிஎஸ்டியும் பாருங்க: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைச்சிட்டாங்க. ஸ்டார்ட்டரும் ஆல்டர்னேட்டரும் ஒண்ணாகச் சேர்ந்த மைல்டு ஹைபிரிட் வண்டின்னா கணக்கே வேற. அந்த யூனிட்டின் விலை பல மடங்கு.

வழியில் சிவப்பு விளக்கு எரிஞ்சால் எவ்வளவு தூரம் போகலாம்? ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர், டீசல் இன்ஜெக்‌ஷனும் கம்ப்யூட்டரும் ஒரு 10, புளோயர் இன்னொரு 10 இழுக்குதுன்னு வையுங்க. 45 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காகிதத்தில் ஒன்றரை மணி நேரம் வரும். நிஜத்தில் வராது, பேட்டரி முழு சார்ஜில் இருக்காது, வோல்டேஜும் முன்னாடியே விழுந்துரும். பகலில் லைட்டையும் புளோயரையும் அணைச்சால் ஆண்டிபட்டியிலிருந்து தேனி வரைக்கும் தாராளமாகப் போயிடலாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் டீசல் ஜீப் என்றால் இந்தக் கவலையே குறைவு. தள்ளி ஸ்டார்ட் பண்ணினால் ஓடும். ஆனால் பெல்ட் அறுந்ததால் விளக்கு எரிஞ்சிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீங்க. சில எஞ்சின்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுத்துது. எஞ்சின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போனால் ஆல்டர்னேட்டர் விலையெல்லாம் சில்லறை.

மூணாம் நாள் விடியக்காலை நாலு மணிக்கு வண்டி குமுளிக்குக் கிளம்பியது. என் மல்டிமீட்டர் இப்போ அப்பாவின் டேஷ்போர்டில் இருக்கு. லேபுக்கு நான் பக்கத்து பெஞ்ச்காரனிடம் கடன் வாங்குறேன்.