ஈழத்து மலைநாடும் அதன் இடவிளக்கப் படங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவர்க்கு மலையென்பது பெரும்பாலும் ஏட்டில் அறிந்த பொருளேயாம். கீரிமலையிற்கூட மலை பெயரளவில் நிற்பதன்றி நிலத்தில் இல்லை. ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் பழைய இடவிளக்கப் படங்களுள் குடாநாட்டுத் தாள்களை விரித்து நோக்கின், நூறடி உயரத்தைக் காட்டும் கோடு ஒன்றேனும் அவற்றிற் காணக்கிடையாது. நுவரெலியாப் பகுதித் தாள்களோ அத்தகைய கோடுகள் நெருங்கி, ஊர்ப்பெயரை எழுதுதற்கும் இடமரிதாய்த் தோன்றும்.

இக்கோடுகளின் இயல்பை அறிதற்கு மலைநாடு செல்லவேண்டுவதில்லை. மாரியில் நிறைந்த குளம் கோடையில் வற்றுங்கால், கரையைச் சுற்றிச் சேற்றுவரைகள் ஒன்றன்கீழொன்றாய்ப் படிந்திருத்தலைக் காணலாம். ஒவ்வொரு வரையும் ஒரே மட்டத்திலுள்ள இடங்களைத் தொடுத்துச் செல்வது. மேலிருந்து நோக்கின், கரை செங்குத்தாயுள்ள இடத்தில் வரைகள் நெருங்கும். சரிவு மெலிதாயுள்ள இடத்தில் அகலும். சமவுயரக்கோடும் அன்னதே. ஓரங்குலப் படத்தில் ஒரு கோட்டிற்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள உயரம் நூறடியாகும்.

இம்முறை தோன்றுமுன் மலையைத் தாளில் அடக்குதல் எளிதாயிருக்கவில்லை. கண்டி அரசின் படத்தை முதன்முதல் விரிவாக ஐரோப்பியர்க்கு அளித்தவருள் ஒருவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1660இல் சிறைப்பட்டு, பத்தொன்பதாண்டுகளுக்கு மேலாக மலைநாட்டில் வாழ்ந்து, ஊர்தோறும் சிறுபொருள் விற்றுத் திரிந்து வழியறிந்தவர் அவர். 1679இல் அருவியாற்றின் வழியே காடு கடந்து, மன்னார்ப் பகுதியிலுள்ள அரிப்புக் கோட்டையை அடைந்து தப்பினார். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலில் அப்படம் இடம்பெற்றது. கருவி ஏந்தாத கைதியின் கால்களே ஆங்கு அளவுகோலாயின. திசையும் ஆறும் ஒருவாறு அமைந்தன. மலையின் உயரத்தைக் கூறும் ஆற்றல் அத்தகைய படத்திற்கு இல்லை.

அவ்வறியாமையே கண்டி அரசுக்கு அரணாயிற்று. 1594, 1630, 1638 ஆகிய ஆண்டுகளிற் படையெடுத்த போர்த்துக்கேயர் மலைவழிகளிற் சிக்கி அழிந்தனர். 1803இல் ஆங்கிலப் படை எதிர்ப்பின்றிக் கண்டி நகரைக் கைக்கொண்டது. சில திங்களுள் அங்கு நிறுத்தப்பட்ட காவற்படை முற்றும் அழிந்தது. அடுத்த ஆண்டில் மட்டக்களப்பிலிருந்து தன் சிறு படையுடன் கண்டி சென்ற கப்டன் ஜோன்ஸ்ரன், வருமென எதிர்பார்த்த பிற படைகளைக் காணாது, பெரும்பாடுபட்டுத் திருகோணமலைக்கு மீண்டார். 1800இலேயே நில அளவைத் திணைக்களம் தொடங்கிவிட்டதெனினும், அதன் சங்கிலி மலையடிவாரத்துக்கு அப்பால் நீளுதற்கு 1815இல் கண்டி வீழவேண்டியிருந்தது.

அதன்பின் மலைநாட்டை முறையாக அளந்தவருள் தலையாயவர் ஜோன் பிரேசர். பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே முதிரைமரத்தால் ஒரே வளைவாக அமைந்த பழைய பாலமும் இவர் வகுத்ததே. சமநிலத்தில் ஒரு கோட்டை மட்டும் நுட்பமாக அளந்துகொண்டு, அதன் இருமுனையிலிருந்தும் தொலைவிலுள்ள சிகரத்தை நோக்கிக் கோணம் எடுப்பின், சிகரத்தின் தூரத்தைக் கணக்கினாற் பெறலாம். ஏற்றக்கோணமும் அறியின் உயரம் பெறப்படும். திரிகோணகணித வாய்பாட்டைப் பயனறியாது ஒப்புவிக்கும் மாணவர்க்கு இதனினுஞ் சிறந்த விளக்கம் வேறில்லை. முக்கோண அளவையின்மேல் எழுந்த பிரேசரின் இலங்கைப் படம் 1862இல் இலண்டனில் வெளியாயிற்று. கடலிலிருந்து காணும் மாலுமிகள் நெடுங்காலம் சிவனொளிபாதமலையையே தீவின் மிக உயர்ந்த சிகரமெனக் கருதினர். அதன் உயரம் ஏறத்தாழ 7,360 அடி. பீதுருதாலகாலவின் உயரம் 8,281 அடி. கண்ணுக்குப் பெரிதாய்த் தோன்றியது கணக்கிற் சிறிதாயிற்று.

படைக்காக எழுந்த படம் விரைவில் நிலவிற்பனைக்குத் துணையாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை காட்டப்படாத காட்டுநிலத்தை முடிக்குரியதெனக் கொண்டது. கோப்பித் தோட்டக்காரர் அந்நிலத்தை வாங்கினர். எல்லையின்றி விற்பனையில்லை, அளவையின்றி எல்லையில்லை. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி மெல்ல அழிய, அவ்விடத்தைத் தேயிலை கொண்டது. தரிசுநிலச் சட்டம் நிறைவேறிய 1897ஆம் ஆண்டிலேயே ஓரங்குல இடவிளக்க அளவையும் தொடங்கியமை தற்செயலாயினும் ஆகுக. நிலத்தைத் தனதென்று கூறும் அரசுக்கு அந்நிலத்தின் படம் வேண்டியிருந்தது என்பதில் ஐயமில்லை. 1924இல் அவ்வளவை நிறைவெய்தியது. தீவு முழுவதும் 72 தாள்களில் அடங்கிற்று. முக்காலியின்மேல் நின்ற பலகையிலே தாளை ஒட்டி, களத்தில் நின்றே கோடிட்டோரின் உழைப்பு அது. அட்டைக்கடியும் மூடுபனியும் அத்தாள்களிற் பதியவில்லை.

பதியாதன வேறும் உள. அக்கரப்பத்தனைப் பகுதியில் கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி எனத் தோட்டங்களின் பெயர்கள் கொத்துலாந்தை நினைவூட்டுவனவாய் அமைந்தன. அத்தோட்டங்களை வெட்டித் திருத்திய தமிழ்த் தொழிலாளர் தோட்டங்கள் பலவற்றைத் தம் வாய்மொழியில் வேறு பெயரால் வழங்கினர்; அப்பெயர்கள் பெரும்பாலும் படமேறவில்லை. புல்வெளியைக் குறிக்கும் ‘பத்தன’ என்னும் சிங்களச் சொல் அவர் நாவிற் ‘பத்தனை’ ஆயிற்று. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியபோது, அவர் வாழ்ந்த ஒவ்வொரு சரிவும் நூறடிக் கணக்கில் அளந்து அச்சிடப்பட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று ஓரங்குலத் தாள்களின் இடத்தை 1:50,000 அளவுத்திட்டத்தில் அமைந்த 92 தாள்கள் கொண்டுள்ளன; கோட்டிடை 20 மீற்றர். ஆயினும் மலைச்சரிவில் வாழ்வோர்க்கு இதனினும் நுண்ணிய படம் வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிற் தொடங்கி 1:10,000 அளவுத்திட்டத்தில் மண்சரிவு அபாயப் படங்களை ஆக்கிவந்துள்ளது. அதில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் நூறு மீற்றராகும். அளவு இத்துணைப் பெரிதாயின் ஒரு லயன் எச்சரிவின்கீழ் நிற்கின்றதென்பதை விரல்வைத்துக் காட்டலாம். கொஸ்லந்தைக்கு அணித்தான மீரியபெத்தைத் தோட்டம் அபாயமுடையதென 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. லயன்களில் இருந்தோர் வேறிடத்திற் குடியமருமுன், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில் அச்சரிவு இடிந்து அவர்தம் லயன்களை மூடிற்று.